கட்டைவண்டி முதல் கப்சாய் வரை: வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளும் பின்வில்லும்

முன்னுரை

கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணாம் நோக்கிச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலை தஞ்சோங் காராங், சுங்கை புரோங், செகிஞ்சான் ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்கின்றது. சாலையின் இருமருங்கும் நெல்வயல்களும் செம்பனைத் தோப்புகளும் தென்னந்தோப்புகளும் மாறிமாறி வருகின்றன. சாலையை விட்டு உள்ளே இறங்கினால் ‘பாரிட்’ எனப்படும் வடிகால்களை ஒட்டி ஒடுங்கிய மண்பாதைகள் நீள்கின்றன. இத்தகைய பாதைகளுக்கு ஏற்ற ஊர்தியாக மலேசியக் கிராமப்புறங்களில் நிலைபெற்ற ஒன்று மூன்று சக்கர மோட்டார் சைக்கிளாகும். மலாயில் ‘மோட்டோசிக்கல் ரோடா தீகா’ என வழங்கும் இது பழக்குலை, விறகு, எரிவாயுக் கலன், காய்கறி முதலியவற்றைச் சுமக்கின்றது. சில வேளைகளில் நடக்க இயலாத ஒரு தாயையோ பள்ளிக்குச் செல்லும் பிள்ளையையோ சுமக்கின்றது.

சரக்கைச் சுமக்கும் ஊர்தி மனிதரைச் சுமக்கத் தொடங்கும்போது அதில் முதலில் மாற வேண்டிய உறுப்பு எது? பின் அச்சுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள வில்லே அது என்பது பட்டறைத் தொழிலாளர் அறிந்த செய்தி. இச்சிறு செய்திக்கு நீண்ட சமூக வரலாறு உண்டு. சுமைவண்டியையும் ஆள்வண்டியையும் பிரிக்கும் எல்லைக்கோடாக வில் இருந்து வந்துள்ளது. அவ்வில் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது தமிழர் வரலாற்றின் ஒரு பகுதியாகும். இக்கட்டுரை அவ்வரலாற்றை மாட்டுவண்டி தொடங்கி இன்றைய மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் வரை தொடர்ந்து காண முற்படுகின்றது.

வில்வண்டி: ஒரு சொல்லின் வரலாறு

வண்டியும் சுமையும் குறித்த எண்ணம் தமிழில் மிகப் பழமையானது. அளவுக்கு மீறி ஏற்றினால் மயிலிறகும் அச்சை முறித்துவிடும் என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உவமையாக்கினார். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உப்பு வணிகரான உமணரின் வண்டியைக் காட்டுகின்றார். மேடுபள்ளத்தில் அச்சு முறியக்கூடும் என அஞ்சிய உமணர் மற்றோர் அச்சையும் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு சென்றனர். அது ‘சேம அச்சு’ எனப்பட்டது. இவ்விரு சான்றுகளிலும் சாலையின் அதிர்ச்சி முழுவதும் அச்சையே தாக்குகின்றது என்பது கருதத்தக்கது. அச்சுக்கும் சுமைக்கும் இடையே அதிர்ச்சியைத் தாங்கும் உறுப்பு எதுவும் இல்லை. ஆகவே அச்சு முறியும் என்று எதிர்பார்ப்பதும் மாற்று அச்சு வைத்திருப்பதுமே அன்றைய தீர்வாக இருந்தன.

எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டி, அவற்றின்மேல் வண்டியின் உடலைத் தாங்கச் செய்யும் முறை ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் வளர்ந்தது. 1804ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பார் நீள்வட்ட வடிவில் அமைந்த வில்லை உருவாக்கிய பிறகு இலகுவான பயணிகள் வண்டிகள் பெருகின. தென்னிந்தியத் தச்சரும் கொல்லரும் இம்முறையை மாட்டுவண்டியில் பொருத்திக்கொண்டபோது தமிழ் அதற்குப் புதுப்பெயர் தேடி அலையவில்லை. வளைந்த எஃகுப் பட்டை வில்லைப் போன்றிருந்தமையால் அவ்வண்டி ‘வில்வண்டி’ ஆயிற்று. வில் இல்லாத சுமைவண்டி ‘கட்டைவண்டி’ என வழங்கியது.

இப்பெயரீட்டில் ஒரு நுட்பம் உள்ளது. கூண்டுவண்டி என்னும் பெயர் மேற்கூரையால் அமைந்தது. குதிரைவண்டி என்னும் பெயர் இழுக்கும் விலங்கால் அமைந்தது. வில்வண்டி என்னும் பெயரோ கண்ணுக்கு எளிதில் புலப்படாத, அச்சை ஒட்டி மறைந்திருக்கும் உறுப்பால் அமைந்தது. கட்டைவண்டியில் நெல் செல்லும். வில்வண்டியில் மனிதர் செல்வர். அம்மனிதரும் பெரும்பாலும் நிலக்கிழார், மிராசுதார், மணமக்கள் முதலியோரே. வில் என்பது வசதியின் குறியீடாகவும் தகுதியின் குறியீடாகவும் அமைந்துவிட்டது.

திருவிதாங்கூரில் நிகழ்ந்த ஒரு போராட்டம் இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது. வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யங்காளி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் 1893ஆம் ஆண்டு தம் சொந்த வில்வண்டியில் பயணம் செய்தார். மலையாளத்திலும் அவ்வண்டி ‘வில்லுவண்டி’ என்றே வழங்குகின்றது. அவர் சாலையில் நடந்து சென்றும் எதிர்ப்பைக் காட்டியிருக்கலாம். கட்டைவண்டியை ஓட்டியும் சென்றிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது வில்வண்டி. சுமைக்குரிய வண்டியில் சுமையோடு சுமையாகச் செல்வதற்கும், மனிதரின் உடலைக் கருதிச் செய்த வண்டியில் மனிதராக அமர்ந்து செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று சாலையில் நின்றோர் அனைவரும் அறிந்திருந்தனர்.

தோட்டமும் சுமைவண்டியும்

அதே காலப்பகுதியில்தான் தென்னிந்தியத் தொழிலாளர் மலாயாத் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாக வந்துகொண்டிருந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. கங்காணி முறையும் அதனுடன் இணைந்த உதவிபெற்ற குடியேற்றமும் தொடர்ந்தன. 1938ஆம் ஆண்டு இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இந்நிலை நீடித்தது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய இடங்களைச் சுற்றித் தமிழ்த் தொழிலாளர் குடியேறிய தோட்டங்கள் அமைந்தன. இவற்றுள் பத்தாங் பெர்ஜுந்தை 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கி வருகின்றது.

மலேசியச் செம்பனை வரலாற்றிலும் இவ்வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. பிரெஞ்சுக்காரரான ஹென்றி பொக்கொன்னியே 1917ஆம் ஆண்டு இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிக நோக்கில் முதன்முதலாகப் பயிரிட்டார். இவரே பின்னர் மலாயாவைக் களமாகக் கொண்ட புதினத்துக்காக 1930ஆம் ஆண்டு கொங்கூர் பரிசைப் பெற்றவர். செம்பனையின் தொடக்கத்தைக் கண்ட தோட்டம் தென்னையின் தமிழ்ப்பெயரைத் தாங்கி நிற்பது, அங்கு உழைத்தவர் யாவர் என்பதை நினைவூட்டுகின்றது.

செம்பனைத் தொழிலில் போக்குவரத்து இன்றியமையாதது. பழக்குலை ஒன்று பொதுவாக 10 முதல் 25 கிலோ வரை எடையுள்ளது. அறுத்த குலை விரைவில் ஆலையை அடைதல் வேண்டும். பழம் நசுங்கினால் அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துக் கட்டற்ற கொழுப்பு அமிலத்தைப் பெருக்குகின்றது. எண்ணெயின் தரம் குறைகின்றது. எனவே குலை எத்தனை முறை தூக்கி எறியப்படுகின்றது, எவ்வளவு அதிர்ச்சிக்கு உள்ளாகின்றது என்பதைத் தோட்ட நிருவாகங்கள் கணக்கில் கொண்டன. மாட்டுவண்டி, எருமைவண்டி, சிறு இரயில் தடம், டிராக்டரின் இழுவைப் பெட்டி எனப் பல முறைகள் கையாளப்பட்டன. வட சிலாங்கூரை அடுத்துப் பெர்ணம் ஆற்றுக்கு வடக்கேயுள்ள ஜெண்டராட்டாத் தோட்டம் சிறு இரயில் தடத்துக்குப் பெயர்பெற்றது.

தோட்டத்து மனிதர் எவ்வாறு சென்றனர்? தோட்டப்புறத்தில் வளர்ந்தோருக்கு இதன் விடை தெரியும். அறுவடைக்குச் செல்வோர் டிராக்டரின் இழுவைப் பெட்டியில் ஏறினர். திருவிழாவுக்கும் திரைப்படத்துக்கும் லாரியில் நின்றுகொண்டு சென்றனர். பள்ளிப் பிள்ளைகளையும் லாரிகள் ஏற்றிச் சென்றன. இவை அனைத்தும் சரக்குக்காகச் செய்யப்பட்டவை. லாரியிலும் வில்பட்டை உண்டே எனலாம். ஆனால் அவ்வில் பாரத்தைக் கருதி அமைந்தது. 5,000 கிலோ சுமைக்கு 80 மில்லிமீட்டர் அமுங்கும் வில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே லாரியில் 1,000 கிலோ எடையுள்ள மனிதர் ஏறினால் அது 16 மில்லிமீட்டரே அமுங்கும். வில் இருந்தும் அம்மனிதருக்கு அது கட்டைவண்டியே. ஏற்றப்படும் பொருளின் நலத்தைக் கணக்கிட்ட அமைப்பு, ஏறுகின்ற உடலின் நலத்தைக் கணக்கிடவில்லை என்பதற்கு இதுவே சான்றாகும்.

ரிக்சா முதல் ஆட்டோ வரை

நகரங்களில் நிலைமை சற்று வேறுபட்டிருந்தது. 1869ஆம் ஆண்டளவில் சப்பானில் தோன்றிய கைரிக்சா 1880ஆம் ஆண்டு சிங்கப்பூரை அடைந்து, மலாயா நகரங்களிலும் பரவியது. இது தொடக்கத்திலிருந்தே ஆள்வண்டியாகும். இருக்கைக்கும் அச்சுக்கும் இடையே வில்பட்டைகள் அமைந்திருந்தன. இங்கு முரண் வேறொன்று. அமர்ந்திருப்பவரின் உடல் கருதப்பட்டது; இழுப்பவரின் உடல் கருதப்படவில்லை. சிங்கப்பூரில் 1947ஆம் ஆண்டு கைரிக்சா தடை செய்யப்பட்டது. அதன் இடத்தை மூன்று சக்கர மிதிவண்டியாகிய பேச்சா பெற்றது. பினாங்குப் பேச்சாவில் பயணி முன்னால் அமர்வார்; மலாக்காவில் பக்கவாட்டில் அமர்வார். பயணியின் எடையை எச்சக்கரத்தின்மீது வைப்பது என்னும் கேள்விக்கு ஒவ்வோர் ஊரும் தனக்கேற்ற விடையைக் கண்டது.

மோட்டாரால் இயங்கும் மூன்று சக்கர ஊர்தியின் வரலாறு சரக்கில் தொடங்குகின்றது. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946ஆம் ஆண்டு வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. அதனை வடிவமைத்த கொர்ராடினோ தஸ்கானியோ 1948ஆம் ஆண்டு அதன் பின்புறத்தில் இரு சக்கரங்களையும் ஒரு சரக்குத் தட்டையும் அமைத்து ‘ஆப்பே’ என்னும் ஊர்தியை உருவாக்கினார். வெஸ்பா என்றால் குளவி. ஆப்பே என்றால் தேனீ. 125 சி.சி. இயந்திரம் கொண்ட அது 200 கிலோ சுமையை ஏற்றவல்லது. போருக்குப் பின் கார் வாங்க இயலாத சிறு வணிகருக்காக அது பிறந்தது. பஜாஜ் நிறுவனம் இருசக்கர, மூன்று சக்கர ஊர்திகளைத் தயாரிக்க 1959ஆம் ஆண்டு இந்திய அரசின் உரிமம் பெற்ற பிறகு, இவ்வகை ஊர்தி இந்தியத் தெருக்களில் ஆட்டோ ரிக்சாவாக வேரூன்றியது. சரக்குத் தட்டு இருந்த இடத்தில் மூவர் அமரும் இருக்கை வந்தது. இன்றைய ஆட்டோவில் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கையும் சுருள்வில்லும் எண்ணெய் நிரம்பிய அதிர்ச்சி தாங்கியும் உள்ளன. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் மற்றது தன் போக்கில் உருள்கின்றது. சரக்கு ஊர்தி ஆள் ஊர்தியாக மாறிய கதை தொழிற்சாலையிலேயே முறையாக நிறைவேறியதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

தொழிற்சாலைக்கு வெளியே இதே மாற்றத்தைப் பட்டறைகள் செய்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஞ்சிய ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் பின்புறத்தில் பயணிகள் கூண்டு அமைத்து, டில்லியில் ‘பட்பட்டி’ என்னும் ஊர்தி ஓடியது. 1990களின் இறுதியில் அது மறைந்தது. குசராத்தின் சௌராட்டிரப் பகுதியில் மோட்டார் சைக்கிளின் முன்பகுதியோடு சரக்குப் பெட்டியை இணைத்து உருவான ‘சக்டா’ ஆள்களையும் சேர்த்தே ஏற்றியது. சென்னையில் பழைய மோட்டார் பொருத்திய மூன்று சக்கர வண்டி மீன் ஏற்றிச் சென்றமையால் ‘மீன்பாடி வண்டி’ எனப் பெயர் பெற்றது. நிறுவனம் தராததைப் பட்டறை தந்தது என்பது இவை அனைத்துக்கும் பொதுவாகும்.

கப்சாய் மூன்று சக்கரமாதல்

மலேசியாவில் இப்பட்டறை மரபுக்கு அடிப்படையாக அமைந்தது ஹொண்டா கப் வகை மோட்டார் சைக்கிள். சப்பானில் 1958ஆம் ஆண்டு அறிமுகமான சூப்பர் கப், 2017ஆம் ஆண்டு 10 கோடி எண்ணிக்கையை எட்டியது. 1958ஆம் ஆண்டிலேயே பினாங்கு வணிகர் லோ பூன் சியூ மலாயாவில் ஹொண்டாவின் விற்பனை உரிமையைப் பெற்றார். ‘கப்’ என்பதோடு ‘சிறியது’ எனப் பொருள்படும் சீனச் சொல் இணைந்து ‘கப்சாய்’ ஆயிற்று என்பர். பால்மரம் வெட்டுவோரும் நெல் விவசாயியும் ரொட்டி விற்பவரும் ஆசிரியரும் ஏறிய ஊர்தி இது. தோட்டத்துத் தொழிலாளி லாரியை எதிர்பாராமல் தன் விருப்பப்படி வெளியே செல்ல வாய்ப்பளித்தது மிதிவண்டிக்குப் பின் கப்சாயே எனலாம்.

கப்சாயின் பின்சக்கரத்தை ஒரு கை தாங்குகின்றது. பட்டறையில் இதனைச் ‘சுவிங் ஆர்ம்’ என்பர். முன்முனையில் கீலிட்ட இக்கை மேலும் கீழும் அசையும். அதன் பின்முனைக்கும் இருக்கைக்கும் இடையே இருபுறமும் ‘அப்சோபர்’ எனப்படும் இரு தாங்கிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு சுருள்வில்லும் அதனுள் எண்ணெய்க் குழாயும் உண்டு. வில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றது. எண்ணெய் அதனை அடக்குகின்றது. வில் மட்டும் இருந்தால் வண்டி ஒரு பள்ளத்துக்குப் பத்து முறை ஆடும். எண்ணெய்க் கசிவுள்ள பழைய அப்சோபரில் ஏறியவர் இதனை அறிவர்.

இவ்வூர்தியை மூன்று சக்கரமாக்கும்போது ஒற்றைப் பின்சக்கரத்தை நீக்கி, இரு சக்கரங்கள் கொண்ட அச்சைப் பொருத்துகின்றனர். பின்புற அமைப்பை நான்கு வகையாகப் பகுக்கலாம்.

முதல் வகையில் அச்சு நேரடியாகச் சட்டத்தோடு பற்றவைக்கப்படுகின்றது. டயரின் காற்றைத் தவிர வேறு தாங்கி இல்லை. பழக்குலைக்கு இது போதும். இது உமணர் வண்டியின் வழித்தோன்றல். அச்சு வளைவதும் பற்றவைத்த இடம் விரிசலுறுவதும் இதன் இயல்பான நோய்.

இரண்டாம் வகையில் அச்சு பழைய சுவிங் ஆர்மின் முனையில் பொருத்தப்பட்டு, பழைய இரு அப்சோபர்களே தாங்குகின்றன. செலவு குறைவு. ஆனால் ஒரு சக்கரத்துக்கு அமைந்த கை இரு சக்கரங்களின் முறுக்கத்தையும் ஏற்க வேண்டியுள்ளது. சக்கரங்களின் இடைவெளி 80 சென்டிமீட்டர் எனவும் ஒரு சக்கரம் 8 சென்டிமீட்டர் மேட்டில் ஏறுவதாகவும் கொண்டால் அச்சு ஏறக்குறைய 6 பாகை சாய்கின்றது. கை முறுக்கத்துக்கு இடந்தராமையால் பயணியும் அச்சோடு சேர்ந்து சாய்கின்றார்.

மூன்றாம் வகையில் அச்சுக்கும் உடலுக்கும் இடையே சக்கரங்களை ஒட்டி வில்பட்டைகளோ நீண்ட அப்சோபர்களோ அமைகின்றன. இது முழுமையான வில்வண்டி அமைப்பு. வில்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது இதில் முக்கியமாகும். 30 சென்டிமீட்டர் இடைவெளியை 60 ஆக்கினால் பக்கச் சாய்வுக்கு எதிரான உறுதி நான்கு மடங்காகின்றது.

நான்காம் வகையில் ஆட்டோ ரிக்சாவில் உள்ளதுபோல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிக்கை உண்டு. பயணிக்கு இதுவே மிகவும் ஏற்றது. செய்வதற்கு இதுவே மிகவும் கடினமானது.

வில்லின் கணக்கு

‘கடினமான ஸ்பிரிங் போட்டால் போதும்’ என்பது பரவலான எண்ணம். அதன் குறைபாட்டை ஒரு கணக்கால் விளக்கலாம். பயணி இல்லாதபோது பின்வில்களின்மேல் 90 கிலோ எடை இருப்பதாகவும், இரு வில்களும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2.5 கிலோ தேவை எனவும், அவை மொத்தம் 75 மில்லிமீட்டர் அமுங்க இடமுண்டு எனவும் கொள்வோம். வெறும் வண்டியில் வில் 36 மில்லிமீட்டர் அமுங்கும். 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் மேலும் 26 சேர்ந்து 62 ஆகும். எஞ்சுவது 13 மில்லிமீட்டரே. சிறு பள்ளமும் வில்லின் எல்லையை எட்டிவிடும். உலோகத்தோடு உலோகம் மோதும். அந்த மோதலைப் பயணியின் முதுகெலும்பு ஏற்கும்.

இதற்கு மாற்றாக இருமடங்கு கடினமான வில்லை இடுவோம். பயணியுடன் வில் 31 மில்லிமீட்டர் அமுங்கும். 44 மில்லிமீட்டர் எஞ்சும். மோதல் குறைந்தது. ஆனால் வெறும் வண்டியில் வில் 18 மில்லிமீட்டரே அமுங்குகின்றது. முன்பு நொடிக்கு ஏறக்குறைய 2.6 முறை ஆடிய வண்டி இப்போது 3.7 முறை ஆடும். மனித உடல் செங்குத்து அதிர்வை மிகுதியாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வில் என்பது அறிவியலார் கண்ட உண்மை. உடலதிர்வு பற்றிய பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 2631 இதனைக் கருத்தில் கொண்டே அமைந்துள்ளது. வில்லைக் கடினமாக்குந்தோறும் வண்டி அவ்வெல்லையை நெருங்குகின்றது. எடை குறைந்த பிள்ளையோ மெலிந்த முதியவரோ அமரும்போது இன்னல் மிகும்.

இதற்கு வண்டித் தொழில் கண்ட தீர்வு இருநிலை வில்லாகும். லாரிகளின் பின் அச்சில் இதனைக் காணலாம்: முதல் அடுக்கு எப்போதும் தாங்கும், சுமை மிகும்போது இரண்டாம் அடுக்கும் சேர்ந்து தாங்கும். மேற்காட்டிய கணக்கில் முதல் 40 மில்லிமீட்டருக்கு மென்மையான வில்லும், அதன்பின் இருமடங்கு கடினமும் அமையுமாயின் பயணியுடன் 51 மில்லிமீட்டர் அமுங்கி 24 மில்லிமீட்டர் எஞ்சும். வெறும் வண்டியின் மென்மையும் கெடுவதில்லை. சுற்றுகள் ஒருபுறம் நெருங்கியும் மறுபுறம் அகன்றும் உள்ள சுருள்வில்லும் இப்பயனைத் தரும்.

வில்லை மாற்றுவதோடு பணி முடிவதில்லை. கடினமான வில்லுக்குப் பழைய எண்ணெய்த் தாங்கி ஈடுகொடுக்காது. இரண்டையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். பயணியின் இருக்கை பின் அச்சுக்கு முன்னே அமைதல் வேண்டும். அச்சுக்குப் பின்னே அமைந்தால் முன்சக்கரம் இலகுவாகி, பாலத்தின் ஏற்றத்தில் கைப்பிடி வசமிழக்கும். இருசக்கர வண்டி வளைவில் உட்புறம் சாயும்; மூன்று சக்கர வண்டி சாயாது; மென்மையான வில் அதனை வெளிப்புறம் சாய்க்கும். ஆகவே இருக்கை தாழ்வாகவும் சக்கர இடைவெளி அகலமாகவும் இருத்தல் நலம். வில் எவ்வளவு சிறந்ததாயினும் பிரேக்கின் ஆற்றலை அது கூட்டாது. ஒருவர் எடை கூடிய வண்டியை நிறுத்தவும் வழி செய்தாக வேண்டும்.

நிலத்தின் இயல்பும் கருதத்தக்கது. வட சிலாங்கூரின் கரையோரம் கடற்களிமண்ணாலும் உட்பகுதி சதுப்பு நிலக் கரிமண்ணாலும் ஆனது. நீரை வடித்தால் கரிமண் அமிழ்கின்றது. அதன்மேல் அமைந்த சாலை சீராக அமிழ்வதில்லை, அலையலையாக வளைகின்றது. மெதுவாகச் செல்லும் வண்டியையும் இச்சாலை தொடர்ந்து தூக்கிப் போடுகின்றது. இத்தகைய நிலத்தில் வில்லின் கடினத்தைவிட அது அசைவதற்குரிய இடமே மிகுதியும் தேவைப்படுகின்றது.

சட்டமும் பட்டறையும்

மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் இடத்தை 1987ஆம் ஆண்டின் சட்டம் பெற்றது. ஊர்திகளின் கட்டமைப்பு, பயன்பாடு பற்றிய விதிகள் 1959ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற ஊர்தியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் தேவை. உடற்குறையுடையோர் தமக்கேற்ப மாற்றியமைத்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிளைப் பதிவு செய்து ஓட்டுவதற்கும் வழி உண்டு. தமிழ்நாட்டிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரை அரசு வழங்கி வருகின்றது.

சட்டம் ஒப்புதலைக் கேட்பது பயணியைக் காக்கவே. எனினும் ஒப்புதல் பெறும் நடைமுறை நகரத்தை நோக்கி அமைந்திருக்க, மாற்றம் செய்யும் பட்டறை தோப்பின் ஓரத்தில் இருக்கின்றது. இவ்விடைவெளியில் முதல் வகை வண்டிகள், அதாவது வில்லே இல்லாதவை, பாரிட் ஓரத்துப் பாதைகளில் ஆள்களையும் ஏற்றுகின்றன. மலிவாகச் செய்யத்தக்க நல்ல அமைப்புகளின் வரைபடங்கள் முன்னரே ஒப்புதல் பெற்றுப் பட்டறைகளுக்குக் கிடைக்குமாயின் இந்நிலை மாறும். தொழிற்பயிற்சிக் கழகங்கள் இப்பணியை மேற்கொள்ளத்தக்கன. அங்குப் பயிலும் தோட்டப்புற மாணவருக்கு இது அந்நியமான பொருளன்று.

முடிவுரை

சேம அச்சைக் கட்டிச் சென்ற உமணர் வண்டி, மிராசுதாரின் வில்வண்டி, அய்யங்காளி ஏறிய வில்வண்டி, தோட்டத்து லாரி, ஆட்டோ ரிக்சா, கப்சாய் ஆகியவை ஒரே கேள்விக்கு அளிக்கப்பட்ட வெவ்வேறு விடைகளாகும். சாலையின் அதிர்ச்சியை யார் ஏற்பது என்பதே அக்கேள்வி. அச்சு ஏற்கலாம், வில் ஏற்கலாம், இரண்டும் ஏற்காவிடில் மனித உடல் ஏற்கும். மலாயாத் தோட்டங்களில் நெடுங்காலம் உடலே ஏற்றது. மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் தன் தாயை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவர், பின்வில்லை மாற்றும்போது அந்நீண்ட வரலாற்றில் ஒரு திருத்தத்தைச் செய்கின்றார்.

தமிழாசிரியருக்கும் இதில் ஒரு பணி உண்டு. அச்சு, ஆரக்கால், கடையாணி, நுகத்தடி, வில் முதலிய சொற்கள் இன்றைய மாணவருக்குச் செய்யுளின் அருஞ்சொற்பொருளாக மட்டுமே தெரிகின்றன. வலியறிதல் அதிகாரத்தைக் கற்பிக்கும் நாளில் பள்ளி வாயிலில் நிற்கும் மூன்று சக்கர வண்டியின் அடியைக் குனிந்து பார்க்கச் செய்தால், அச்சொற்கள் பொருளோடு அவர்முன் நிற்கும். அதில் வில் உண்டா இல்லையா என்று கேட்கப் பழகிய மாணவர், அவ்வண்டியில் செல்பவரின் உடலைப் பற்றியும் கேட்கத் தொடங்குவர்.